ஜாயின் செய்த குவெரியை ஓஆர்எம்மில் வரிசைப்படுத்துவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் பக்கம் முழுக்க ஒரே எடுத்துக்காட்டுதான்: வாடிக்கையாளர் சேவைக்கான ஒரு மென்பொருள். அதில் புகார், வாடிக்கையாளர், பணியாளர், பதில் என நான்கு டேபிள்கள். ஒவ்வொரு புகாருக்கும் ஒரு வாடிக்கையாளர் கட்டாயம் உண்டு. பொறுப்பாளராக ஒரு பணியாளர் இருக்கலாம், இன்னும் யாரையும் நியமிக்காமலும் இருக்கலாம். பதில்கள் ஒன்றுகூட இல்லாத புகாரும் உண்டு, நூறு பதில் வாங்கிய புகாரும் உண்டு.

ஓஆர்எம் என்பது டேட்டாபேஸின் பதிவுகளை நிரலின் ஆப்ஜெக்ட்களாக மாற்றித் தரும் நூலகம்: ஜாங்கோ, எஸ்கியூஎல்ஆல்கெமி, ஹைபர்னேட், என்டிட்டி ஃபிரேம்வொர்க் கோர், லாராவெல், ரெயில்ஸ் எல்லாவற்றிலும் ஒன்று உண்டு. டேட்டாபேஸிடம் கேட்பது குவெரி, அதில் டேபிள்களை இணைப்பது ஜாயின், வரிசை கேட்பது ஆர்டர் பை. எந்த ஓஆர்எம்மைப் பற்றிக் கேட்டாலும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் வந்து முட்டுகின்றன. நமக்கு வேண்டியது ஆப்ஜெக்ட்களின் வரிசை. டேட்டாபேஸ் வரிசைப்படுத்துவதோ ஜாயினில் கிடைத்த பதிவுகளை. அந்தப் பதிவுகளை ஆப்ஜெக்ட்களாகத் தொகுக்கும் வேலையை ஓஆர்எம் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

ஆர்டர் பை எழுதாமலே இத்தனை நாள் சரியாக வந்ததே, இப்போது ஏன் வரிசை மாறிவிட்டது?

இத்தனை நாள் சரியாக வந்தது தற்செயல். ரிலேஷனல் மாதிரியை எட்கர் காட் 1970இல் முன்வைத்தபோதே பதிவுகளின் வரிசைக்கு அதில் பொருளில்லை என்று வரையறுத்துவிட்டார். ஆர்டர் பை இல்லாத குவெரிக்கு எந்த டேட்டாபேஸும் வரிசையை உறுதி சொல்வதில்லை.

ஜாயின் வந்துவிட்டால் இது சீக்கிரமே வெளிப்படும். டேபிள் சிறியதாக இருக்கும்வரை பிளானர் (குவெரியை எப்படி ஓட்டுவது என்று முடிவு செய்யும் பகுதி) நெஸ்டட் லூப் முறையில், அதாவது ஒவ்வொரு பதிவாக எடுத்து இணை தேடி, ஜாயின் செய்திருக்கும், முதல் டேபிளின் வரிசையே விடையிலும் தெரிந்திருக்கும். தரவு பெருகியதும் ஹாஷ் ஜாயின் என்ற வேறொரு முறைக்கு மாறும், வரிசை கலைந்துவிடும். போஸ்ட்கிரெஸ்ஸில் இன்னொரு காரணமும் உண்டு: ஒரு பதிவைத் திருத்தினால் அதன் புதிய வடிவம் டேபிளில் வேறு இடத்தில் எழுதப்படலாம். அதனால் நேற்று மூன்றாவதாக வந்த புகார் இன்று கடைசியில் வந்து நிற்கும். சப்குவெரிக்குள் (குவெரிக்குள் இருக்கும் குவெரி) ஆர்டர் பை போட்டு வெளியே விட்டுவிடுவதும் உதவாது. எல்லாவற்றுக்கும் வெளியே உள்ள குவெரியின் ஆர்டர் பை மட்டும்தான் கணக்கில் சேரும்.

புகார்களை வாடிக்கையாளர் பெயர்ப்படி வரிசைப்படுத்த வேண்டும். எப்படி?

ஒரு புகாருக்கு ஒரே வாடிக்கையாளர் என்பதால் இது எளிதான வகை. ஜாயின் செய்தாலும் பதிவுகளின் எண்ணிக்கை கூடாது.

ஜாங்கோவில் ஆர்டர்_பை('வாடிக்கையாளர்__பெயர்') என்று இரட்டை அடிக்கோடு போட்டால் போதும், ஜாயினை அதுவே சேர்த்துக்கொள்ளும். வெறுமனே 'வாடிக்கையாளர்' என்று மட்டும் எழுதினால், அந்த மாடலின் மெட்டாவில் இயல்பு வரிசை ஏதாவது இருந்தால் அதன்படி, இல்லாவிட்டால் அதன் பிரைமரி கீப்படி (பதிவுக்குத் தனி அடையாளமாக உள்ள புலம்) வரிசைப்படும். என்டிட்டி ஃபிரேம்வொர்க் கோரிலும் நேவிகேஷன் பிராப்பர்ட்டி வழியாக எழுதினால் ஜாயின் தானாக வரும். எஸ்கியூஎல்ஆல்கெமி இதில் பிடிவாதமானது, ஜாயினை நீங்கள்தான் எழுத வேண்டும். எனக்கு அந்தப் பிடிவாதம் பிடிக்கும். குவெரியில் என்ன நடக்கிறது என்பது கண்ணெதிரே இருக்கும்.

லாராவெல் எலோக்வென்ட்டில் வித் என்பது ஜாயின் இல்லை, அது தனியாக இன்னொரு குவெரி ஓட்டுகிறது. ஆகவே ஜாயினை நீங்களே எழுதி, கூடவே செலக்ட்டில் புகார் டேபிளின் புலங்களை மட்டும் கேட்க வேண்டும். இதை விட்டுவிட்டால் இரண்டு டேபிளிலும் இருக்கும் ஐடி புலங்கள் மோதி, புகாரின் ஐடி இருக்க வேண்டிய இடத்தில் வாடிக்கையாளரின் ஐடி உட்கார்ந்துவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது. திரையில் வரிசையும் சரியாகவே தெரியும். யாராவது ஒரு புகாரைச் சொடுக்கி வேறொரு புகாருக்குள் போய்ச் சேரும்போதுதான் விஷயம் வெளியே வரும்.

பொறுப்பாளர் பெயர்ப்படி வரிசைப்படுத்தியதும் சில புகார்களையே காணோம். ஏன்?

இன்னர் ஜாயின் நுழைந்துவிட்டது. பொறுப்பாளர் இல்லாத புகாருக்குப் பணியாளர் டேபிளில் இணை கிடையாது, அதனால் அது விடையிலிருந்தே விழுந்துவிடுகிறது.

ஜாவாவில் ஜேபிஏ, ஹைபர்னேட் பயன்படுத்துவோர் இதில் அடிக்கடி சிக்குவார்கள். குவெரியில் புகார்.பொறுப்பாளர்.பெயர் என்று புள்ளி வைத்து நடந்துபோனால், அந்த மறைமுக ஜாயின் இன்னர் ஜாயினாகவே அமையும். இணை இல்லாத பதிவையும் விடாமல் வைத்திருக்கும் லெஃப்ட் ஜாயினை வெளிப்படையாக எழுதி, அதற்கு ஒரு மாற்றுப்பெயர் கொடுத்து, ஆர்டர் பையில் அந்த மாற்றுப்பெயரைப் பயன்படுத்துங்கள். ஜாங்கோவும் என்டிட்டி ஃபிரேம்வொர்க் கோரும் ஃபாரின் கீ (இன்னொரு டேபிளின் பதிவைச் சுட்டும் புலம்) வெறுமையாக இருக்கலாம் என்று மாடலில் அறிவித்திருந்தால் லெஃப்ட் ஜாயினைத் தாமே தேர்ந்தெடுக்கும்.

வரிசையை மாற்றினால் எண்ணிக்கை மாறக் கூடாது. வரிசைப்படுத்தும் குவெரிக்கு டெஸ்ட் எழுதும்போது முதலில் எழுத வேண்டிய சோதனை இதுதான், பலரும் எழுதாததும் இதுவே.

லெஃப்ட் ஜாயின் போட்டேன். பொறுப்பாளர் இல்லாதவை ஓரிடத்தில் முதலிலும் இன்னோரிடத்தில் கடைசியிலும் வருகின்றனவே?

வெற்று மதிப்பு எங்கே நிற்க வேண்டும் என்பதில் டேட்டாபேஸ்களுக்குள் ஒற்றுமை இல்லை. ஏறுவரிசையில் போஸ்ட்கிரெஸ்ஸும் ஆரக்கிளும் அதைக் கடைசியில் வைக்கும். மைஎஸ்கியூஎல், எஸ்கியூலைட், எஸ்கியூஎல் சர்வர் மூன்றும் முதலில் வைக்கும். இறங்குவரிசையில் இது அப்படியே தலைகீழ். உங்கள் கணினியில் எஸ்கியூலைட், சர்வரில் போஸ்ட்கிரெஸ் என்று வைத்திருந்தால் இந்தக் குழப்பம் உறுதி.

நல்ஸ் ஃபர்ஸ்ட், நல்ஸ் லாஸ்ட் என்று எழுதும் வசதி எஸ்கியூஎல் தரத்தில் 2003இல் வந்தது. போஸ்ட்கிரெஸ்ஸிலும் ஆரக்கிளிலும் அது உண்டு, எஸ்கியூலைட்டில் 3.30 பதிப்பிலிருந்து உண்டு. ஜாங்கோவில் 1.11 முதல் எஃப் எக்ஸ்பிரஷனின் ஏஎஸ்சி, டெஸ்க் இரண்டிலும் நல்ஸ்_லாஸ்ட் கொடுக்கலாம். எஸ்கியூஎல்ஆல்கெமியில் அதே பெயரில் ஒரு ஃபங்ஷன் இருக்கிறது. மைஎஸ்கியூஎல்லில் இந்த எழுத்துமுறை இல்லை. 'பெயர் வெறுமையா' என்ற நிபந்தனையையே முதல் வரிசைப்புலமாகவும் பெயரை இரண்டாவதாகவும் வைத்தால் அங்கேயும் வேலை முடியும்.

கடைசியாகப் பதில் வந்த புகார் மேலே வர வேண்டும். பதிலின் தேதிப்படி வரிசைப்படுத்தினால் ஒரே புகார் ஐந்தாறு முறை வருகிறது. என்ன செய்வது?

இந்தத் தலைப்பில் அதிகம் பேரைத் தடுக்கிவிடும் கேள்வி இது. ஓஆர்எம்மில் கோளாறு இல்லை, கேள்வியே பாதியில் நிற்கிறது. ஆறு பதில் உள்ள புகாரும் பதில் டேபிளும் ஜாயினில் சேர்ந்தால் ஆறு பதிவுகள். ஒவ்வொன்றிலும் அதே புகார், ஆனால் வேறு வேறு தேதி. 'பதிலின் தேதிப்படி' என்றால் அந்த ஆறில் எந்தத் தேதி? நீங்கள் சொல்லவில்லை, அதனால் டேட்டாபேஸ் ஆறையும் தந்தது.

உடனே எல்லோர் கையும், ஒரே மாதிரிப் பதிவுகளை ஒன்றாக்கும் டிஸ்டிங்ட்டுக்குத்தான் போகும். அது இங்கே பயன்படாது. போஸ்ட்கிரெஸ், ஆர்டர் பையில் உள்ள புலம் செலக்ட் பட்டியலிலும் இருக்க வேண்டும் என்று பிழை காட்டி நின்றுவிடும். ஜாங்கோ அந்தப் புலத்தைத் தானே செலக்ட்டில் சேர்த்துவிடும். பிழை வராது, ஆனால் தேதி வேறு வேறாக இருப்பதால் ஆறு பதிவுகளும் தனித்தனியாகவே எண்ணப்படும், டிஸ்டிங்ட் போட்டும் போடாததும் ஒன்றாகிவிடும். எஸ்கியூஎல்ஆல்கெமியின் பழைய குவெரி ஏபிஐ இன்னொரு வகை: ஒரே என்டிட்டியைக் கேட்டிருந்தால் திரும்ப வரும் ஆப்ஜெக்ட்களைச் சத்தமில்லாமல் தனித்துவமாக்கிக் கொடுக்கும். பட்டியலில் பத்து இருக்கும், கவுன்ட் மட்டும் நாற்பது சொல்லும்.

சரியான வழி, பல தேதிகளை ஒரு தேதியாக முதலில் சுருக்குவது. கடைசிப் பதில் என்றால் மேக்ஸ். ஜாங்கோவில் அனோடேட் கொண்டு கடைசி_பதில் என்ற பெயரில் மேக்ஸ்('பதில்__தேதி') சேர்த்து, அதன் இறங்குவரிசையைக் கேளுங்கள். லாராவெல்லில் வித்மேக்ஸ் இதையே செய்கிறது. எஸ்கியூஎல்ஆல்கெமியில் பதில் டேபிளைப் புகார் ஐடிப்படி குரூப் பை செய்த ஒரு சப்குவெரியை எழுதி, அதைப் புகாரோடு அவுட்டர் ஜாயின் செய்யுங்கள். பதிலே இல்லாத புகாருக்குத் தேதி வெறுமையாக வரும், அவற்றை எங்கே நிறுத்துவது என்பதையும் அப்போதே முடிவு செய்துவிடுங்கள்.

தேதி மட்டும் போதாது, அந்தக் கடைசிப் பதிலின் வாசகமும் வேண்டும் என்றால் மேக்ஸ் கைகொடுக்காது. ரோ_நம்பர் என்ற விண்டோ ஃபங்ஷனைப் புகார் வாரியாகப் பிரித்து, தேதி இறங்குவரிசையில் எண்ணிட்டு, ஒன்றாம் எண்ணை மட்டும் எடுங்கள். மைஎஸ்கியூஎல் 8.0, எஸ்கியூலைட் 3.25 முதல் இது இருக்கிறது. போஸ்ட்கிரெஸ்ஸில் டிஸ்டிங்ட் ஆன், லேட்டரல் ஜாயின் (ஒவ்வொரு புகாருக்கும் தனியாக ஓடும் சப்குவெரி) என்ற வழிகளும் உண்டு. புகார்கள் கொஞ்சமாகவும் ஒவ்வொன்றின் பதில்கள் ஏராளமாகவும் இருந்து, புகார் ஐடி, தேதி இரண்டுக்கும் சேர்த்து இன்டெக்ஸும் (விரைவாகத் தேட டேட்டாபேஸ் வைத்திருக்கும் அடுக்கு) இருந்தால் லேட்டரல் வேகமாக ஓடும்.

பதில்களின் எண்ணிக்கை, இணைப்புகளின் எண்ணிக்கை இரண்டையும் சேர்த்து வரிசைப்படுத்தினால் எண்கள் தாறுமாறாக வருகின்றன.

புகாரின் கோப்பு இணைப்புகளுக்கு ஐந்தாவதாக ஒரு டேபிள் இருக்கிறது என்று கொள்வோம். ஒரே குவெரியில் இரண்டு ஒன்றுக்குப்பல ஜாயின் சேர்ந்தால் அவை ஒன்றையொன்று பெருக்கும். ஆறு பதில், மூன்று இணைப்பு என்றால் பதினெட்டுப் பதிவுகள், இரண்டு கவுன்ட்டும் பதினெட்டு. கவுன்ட்டில் டிஸ்டிங்ட் கொடுத்தால் எண் சரியாகிவிடும். கூட்டுத்தொகைக்கு அந்தத் தந்திரம் பலிக்காது, ஒவ்வொன்றையும் தனித்தனிச் சப்குவெரியாக எழுத வேண்டியதுதான்.

ஈகர் லோடிங் கொடுத்திருக்கிறேன். இருந்தும் ஆர்டர் பையில் அந்த டேபிளைச் சொன்னால் பிழை வருகிறதே?

ஈகர் லோடிங் (தொடர்புடைய டேபிளின் தரவையும் முன்கூட்டியே எடுத்துவைப்பது) என்பது ஆப்ஜெக்ட்டை நிரப்புவதற்கு மட்டும். அதை உங்கள் குவெரியின் பகுதியாக எண்ணாதீர்கள். எஸ்கியூஎல்ஆல்கெமியில் ஜாயின்ட்லோட் போட்டால் அந்த டேபிளுக்குப் பெயர் தெரியாத ஒரு மாற்றுப்பெயர் வைக்கப்படும், வேண்டுமென்றேதான். நீங்கள் ஆர்டர் பையில் சொல்லும் டேபிள் ஃப்ரம் பகுதியில் இருக்கவே இருக்காது. ஜாயினை நீங்களே எழுதி வரிசைப்படுத்திவிட்டு, அதே பதிவுகளிலிருந்து ஆப்ஜெக்ட்டை நிரப்பச் சொல்ல கன்டெய்ன்ஸ்_ஈகர் பயன்படுத்துங்கள். ஜாங்கோவின் பிரீஃபெட்ச்_ரிலேட்டட், எலோக்வென்ட்டின் வித் ஆகியவை வேறு குவெரியாகவே ஓடுபவை, முதல் குவெரியின் வரிசையை அவை தொடவே முடியாது.

ஒவ்வொரு புகாருக்குள்ளும் பதில்கள் தேதி வரிசையில் இருக்க வேண்டும். அதற்கு?

இது வேறு வரிசை, வெளிப்பட்டியலின் வரிசையோடு இதைக் கலக்க வேண்டாம். எஸ்கியூஎல்ஆல்கெமியில் ரிலேஷன்ஷிப்பிலேயே ஆர்டர்_பை கொடுக்கலாம். ஜாங்கோவில் பிரீஃபெட்ச் ஆப்ஜெக்ட்டுக்குள் வரிசைப்படுத்திய குவெரிசெட்டைக் கொடுக்கலாம். ஜேபிஏவில் ஆர்டர்பை அனோடேஷன். என்டிட்டி ஃபிரேம்வொர்க் கோர் 5 முதல் இன்க்ளூடுக்குள்ளேயே ஆர்டர்பை எழுதலாம். ஜேபிஏவின் ஆர்டர்காலம் என்பதை இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். அது வரிசை எண்ணையே டேபிளில் ஒரு புலமாகச் சேமித்துப் பராமரிப்பது, செலவு கூடிய வேலை.

லிமிட் 20 கொடுத்தால் ஏழு புகார்தான் வருகிறது. ஏன்?

லிமிட் எண்ணுவது பதிவுகளை. பதில்களோடு ஜாயின் செய்த இருபது பதிவுகள் ஏழு புகார்களாகத் தொகுக்கப்பட்டிருக்கும். கடைசிப் புகாரின் பதில்களில் பாதி வெட்டுப்பட்டும் போயிருக்கலாம்.

ஓஆர்எம்கள் இதை ஆளுக்கொரு விதமாகச் சமாளிக்கின்றன. எஸ்கியூஎல்ஆல்கெமி, ஜாயின்ட்லோடுடன் லிமிட்டைக் கண்டால் மூல குவெரியைச் சப்குவெரிக்குள் வைத்து, அங்கே லிமிட்டை முடித்துவிட்டு வெளியே ஜாயின் செய்யும். அழகான தீர்வு. ஹைபர்னேட் லிமிட்டையே எஸ்கியூஎல்லில் விட்டுவிட்டு, எல்லாப் பதிவுகளையும் நினைவகத்துக்கு இழுத்து அங்கே பக்கம் பிரிக்கும். லாகில் ஹெச்ஹெச்ஹெச்000104 என்ற எச்சரிக்கை மட்டும் விழும் (ஹைபர்னேட் 6இல் அந்த எண் மாறிவிட்டது). டெஸ்ட்டில் ஐம்பது புகார் இருக்கும்போது யாரும் அதைக் கவனிப்பதில்லை. லட்சக்கணக்கில் ஆன பிறகு சர்வரின் நினைவகம் தீரும்போதுதான் லாகைத் தேடுவார்கள்.

எந்த ஓஆர்எம்முக்கும் பொருந்தும் வழி, இரண்டு குவெரியாகப் பிரிப்பது. முதலாவது, வரிசையும் லிமிட்டும் போட்டுப் புகார் ஐடிகளை மட்டும் எடுக்கும். இரண்டாவது, அந்த ஐடிகளை இன் பட்டியலில் கொடுத்து முழு ஆப்ஜெக்ட்களையும் பதில்களையும் எடுக்கும். இன் பட்டியலின் வரிசையில் விடை வரும் என்று நம்பிவிடாதீர்கள், வராது. இரண்டாவது குவெரியிலும் அதே ஆர்டர் பையை எழுதுங்கள், அல்லது கையிலுள்ள ஐடி வரிசைப்படி நிரலிலேயே அடுக்கிவிடுங்கள்.

இரண்டாம் பக்கத்தில் முதல் பக்கத்துப் புகார் மீண்டும் வருகிறது, வேறொன்று எந்தப் பக்கத்திலும் இல்லை.

வாடிக்கையாளர் பெயர்ப்படி வரிசைப்படுத்தினால் ஒரே பெயருக்குப் பல புகார்கள் சமமாக நிற்கும். சமமானவற்றுக்குள் வரிசை எப்படியும் இருக்கலாம், ஒவ்வொரு முறை ஓடும்போதும் மாறவும் செய்யலாம். ஆர்டர் பையின் கடைசியில் புகாரின் பிரைமரி கீயைச் சேர்த்தால் தீர்ந்தது. பக்கம் பிரிக்கும் எந்தக் குவெரிக்கும் இது கட்டாயம் என்பேன். என்டிட்டி ஃபிரேம்வொர்க் கோரின் 10க்கு முந்தைய பதிப்புகளில் ஸ்பிளிட் குவெரியோடு (பிள்ளைப் பதிவுகளைத் தனிக் குவெரியில் எடுப்பது) ஸ்கிப், டேக் பயன்படுத்துவோர் இதை விட்டால், பிள்ளைப் பதிவுகளே தவறிப்போகக்கூடும்.

ஆர்டர் பையை இரண்டு முறை அழைத்தால் சேருமா, மாறுமா?

ஓஆர்எம்மைப் பொறுத்தது. ஜாங்கோவில் பிந்தையது முந்தையதை அழித்துவிடும். எஸ்கியூஎல்ஆல்கெமி, ரெயில்ஸ், லாராவெல் மூன்றிலும் பின்னால் சேர்ந்துகொள்ளும். ரெயில்ஸ், லாராவெல்லில் மாற்ற வேண்டுமானால் ரீஆர்டர் உண்டு. என்டிட்டி ஃபிரேம்வொர்க்கில் அடுத்த நிலைக்குத் தென்பை எழுத வேண்டும், இன்னொரு ஆர்டர்பை எழுதினால் முதல் வரிசை போய்விடும். ஒரு ஓஆர்எம்மிலிருந்து இன்னொன்றுக்கு வருபவர்கள் பழைய பழக்கத்தில் தவறுவது இங்கேதான்.

மாடலிலேயே இயல்பு வரிசை வைத்துவிடலாமா?

வேண்டாம் என்பது என் கருத்து. வரிசை தேவைப்படாத குவெரிகளும் அந்தச் செலவைச் சுமக்கும். இயல்பு வரிசை வேறொரு டேபிளின் புலமாக இருந்தால், எழுதாத ஜாயின் ஒன்று எல்லாக் குவெரியிலும் வந்து ஒட்டிக்கொள்ளும். ஜாங்கோவில் ஒரு காலத்தில் மெட்டா வரிசையின் புலங்கள் குரூப் பையிலும் நுழைந்து கூட்டுக்கணக்குகளையே கெடுத்தன. 3.1 பதிப்பில்தான் அது நின்றது.

தமிழ்ப் பெயர்கள் அகரவரிசையில் வரவில்லையே?

பெரும்பாலும் டேட்டாபேஸ் யூனிகோடு எண்ணை வைத்து ஒப்பிடுவதுதான் காரணம். யூனிகோடு அட்டவணையில் ன, ந-வை அடுத்தும், ற, ர-வை அடுத்தும் இருக்கின்றன. அமுதா, அழகன், அறிவு, அன்பு என்று வர வேண்டிய பெயர்கள் அன்பு, அமுதா, அறிவு, அழகன் என்று வரும். புள்ளியின் எண் எல்லா உயிர்க்குறிகளுக்கும் எழுத்துகளுக்கும் பின்னால் இருப்பதால், அகராதியில் முன்னே வரும் 'அக்கா' இங்கே 'அகல்' என்பதற்குப் பின்னே போகும்.

கொலேஷனை (எழுத்துகளை எந்த வரிசையில் ஒப்பிடுவது என்ற விதி) மாற்றினால் சரியாகும். போஸ்ட்கிரெஸ் 10 முதல் ஐசியூ கொலேஷன்களைப் பயன்படுத்தலாம், தமிழுக்கும் ஒன்று உண்டு. ஜாங்கோ 3.2 முதல் கொலேட் ஃபங்ஷன் மூலமும், எஸ்கியூஎல்ஆல்கெமியில் புலத்தின் கொலேட் மூலமும் அதை ஆர்டர் பையில் கொடுக்கலாம். அந்தக் கொலேஷனிலேயே இன்டெக்ஸும் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வரிசைப்படுத்தலுக்கு அந்த இன்டெக்ஸ் உதவாது. பாதியை டேட்டாபேஸிலும் பாதியைப் பைத்தானிலும் வரிசைப்படுத்தினால் இரண்டு அகரவரிசை ஒரே திரையில் மோதும்.

இன்டெக்ஸ் இருந்தும் மெதுவாக ஓடுகிறது. ஏன்?

இன்டெக்ஸ் ஒரு டேபிளுக்கு உரியது. முதலில் வாடிக்கையாளர் பெயர், பிறகு புகார் தேதி என்று இரண்டு டேபிளின் புலங்களைக் கலந்தால், அந்த முழு வரிசையையும் தரக்கூடிய ஒற்றை இன்டெக்ஸ் சாதாரண டேபிள்களில் கிடையாது. மைஎஸ்கியூஎல்லின் எக்ஸ்பிளெயினில் யூசிங் டெம்பரரி, யூசிங் ஃபைல்சார்ட் இரண்டும் சேர்ந்து வந்தால் பெரும்பாலும் இதுதான் காரணம்: வரிசைப்புலம், ஜாயினில் முதலாவதாகப் படிக்கப்படும் டேபிளில் இல்லை. போஸ்ட்கிரெஸ் 13இல் வந்த இன்கிரிமென்டல் சார்ட் கொஞ்சம் கைகொடுக்கும். முதல் புலத்தின் வரிசை இன்டெக்ஸிலிருந்து கிடைத்தால், மீதியைச் சிறு சிறு தொகுதிகளாக வரிசைப்படுத்தி, லிமிட் நிறைந்ததும் நிறுத்திவிடும்.

'கடைசிப் பதில்' போல எல்லோரும் எந்நேரமும் பார்க்கும் வரிசை என்றால், கடைசி_பதில்_தேதி என்ற புலத்தைப் புகார் டேபிளிலேயே வைத்து, பதில் சேரும்போதெல்லாம் புதுப்பித்துவிடுங்கள். தரவு இரட்டிப்பாகிறதே என்று தயங்குவோர் உண்டு. ஒரு தேதிப்புலத்துக்காக ஒவ்வொரு முறையும் பதில் டேபிள் முழுவதையும் சுருக்கிக்கொண்டிருப்பதைவிட இது எவ்வளவோ மேல். பதிலை நீக்கும்போதும் அந்தப் புலத்தைத் திருத்த வேண்டும் என்பதை மறக்காதீர்கள்.

எந்தப் புலப்படி வரிசை என்பதைப் பயனரே தேர்ந்தெடுக்கிறார். அவர் அனுப்புவதை அப்படியே ஆர்டர் பைக்குக் கொடுக்கலாமா?

கூடாது. மதிப்புகளைப்போல் புலப்பெயரைப் பாராமீட்டராகக் கட்ட முடியாது. கட்டினால் அது வெறும் மாறிலியாகிவிடும், வரிசையும் மாறாது. அதனால்தான் பலர் சரத்தை ஒட்டவைத்து எஸ்கியூஎல் இன்ஜெக்ஷனுக்கு, அதாவது வெளியாள் அனுப்பும் எஸ்கியூஎல் உள்ளே ஓடுவதற்கு, கதவு திறக்கிறார்கள். ஓஆர்எம் காப்பாற்றும் என்றும் இருந்துவிட முடியாது: ஜாங்கோவின் ஆர்டர்_பையிலேயே இப்படி ஓர் ஓட்டை 2021இல் கண்டறியப்பட்டு (சிவிஇ-2021-35042) 3.1.13, 3.2.5 பதிப்புகளில் அடைக்கப்பட்டது.

'பெயர்', 'தேதி', 'கடைசி_பதில்' என்று அனுமதித்த சொற்களுக்கு ஒரு பட்டியலும், ஒவ்வொன்றுக்கும் நீங்களே எழுதிய வரிசை எக்ஸ்பிரஷனும் நிரலில் இருக்கட்டும். பட்டியலில் இல்லாதது வந்தால் இயல்பு வரிசைக்குப் போய்விடுங்கள். இதில் இன்னொரு நன்மையும் உண்டு. ஜாங்கோவில் இரட்டை அடிக்கோடு போட்டு எந்த டேபிளுக்கும் நடந்துபோகலாம் என்பதால், காட்டக் கூடாத ஒரு புலத்தின்படி வரிசைப்படுத்திப் பார்த்தே அதன் மதிப்பை ஊகிக்க முடியும். பட்டியல் அதையும் தடுக்கும்.

ஓஆர்எம் என்ன எஸ்கியூஎல் எழுதுகிறது என்று எங்கே பார்ப்பது?

ஜாங்கோவில் குவெரிசெட்டின் குவெரி பண்பை அச்சிடலாம், எஸ்கியூஎல்ஆல்கெமியில் இன்ஜினுக்கு எக்கோவை இயக்கலாம், என்டிட்டி ஃபிரேம்வொர்க் கோரில் டுகுவெரிஸ்ட்ரிங், லாராவெல்லில் டுஎஸ்கியூஎல், ஹைபர்னேட்டில் ஷோ_எஸ்கியூஎல் அமைப்பு. பார்க்கும்போது முதலில் எத்தனை ஜாயின், அவை இன்னரா லெஃப்டா என்று எண்ணுங்கள். பிறகு ஆர்டர் பையின் கடைசிப் புலம் பிரைமரி கீதானா என்று பாருங்கள்.